செத்து மிதக்காத மீன்கள்

எண்ணூர் கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தால் மறுநாள் பேப்பரில் வரும். போனுக்குப் போன் படம் சுற்றும். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கரையெல்லாம் கறுத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. பார்க்க வேண்டிய விஷயம்தான், இன்னும் பேச வேண்டிய விஷயமும்கூட. ஆனால் நான் இங்கே எழுத வந்தது சாகாத மீன்களைப் பற்றி. உயிரோடுதான் நீந்திக்கொண்டிருக்கும், ஆனால் தின்ன வேண்டியதைத் தின்னாமல், வளர வேண்டிய மாதத்தில் வளராமல் போய்விடுகிற குஞ்சுகள். அவற்றுக்குப் படம் கிடையாது, செய்தி கிடையாது, நஷ்டஈடும் கிடையாது.

நான் பிறந்தது பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றை ஒட்டிய ஊர். வாழ்க்கைப்பட்டது தண்டையார்பேட்டையில். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றும் நெல் போடுகிறவர்கள், பூச்சிமருந்து அடிக்கிறவர்கள். நான் மீன் வாங்குகிற அக்கா எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடை எடுத்துவருகிறவர். விவசாயியைத் திட்டினால் அது என் பெரியப்பாவைத் திட்டுவதுதான். மருந்தால் ஒன்றும் ஆகாது என்று அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் என்னால் முடியாது.

இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆரணி ஆறு ஆந்திர மலைகளிலிருந்து இறங்கி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக நெல் வயல்களைக் கடந்து பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. கொசஸ்தலை ஆறு பூண்டியைத் தாண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூரில் கடலைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. ஆற்றுக்கு இரு பக்கமும் ஏரிகள், ஏரிக்குக் கீழே மதகு, வாய்க்கால், வயல். வயலில் மிஞ்சியது மறுபடி வடிகால் வழியாக ஆற்றுக்கே வரும். எங்கள் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் உண்டு. இதில் சம்பாதான் எனக்குக் கவலை. பயிர் தூர் கட்டி, குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தலைகாட்டுகிற மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். காலையில் தெளித்த மருந்தை மாலை மழை வாய்க்காலுக்கு இறக்கிவிடும்.

அதே மாதங்கள்தான் குஞ்சுகளின் மாதங்களும். புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் எதிர்த்து ஏறி, வாய்க்காலிலும் வயலிலும் முட்டையிடும். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாகத் திரிவதையும், பெரிய விரால் கீழே காவல் நிற்பதையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கடல் பக்கம், மழைக்காலத்தை ஒட்டி மடவை முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள்ளும் கழிக்குள்ளும் வரும். வெள்ளை இறாலும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் உள்ளே வந்து, வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். பருவமழைத் தண்ணீர் வயலில் இருந்ததைச் சுமந்து இறங்கும்போது, கீழே வந்து காத்திருப்பவை ஓர் அங்குலம்கூட இல்லாத உயிர்கள்.

சரி, அந்தக் குஞ்சுகளுக்கு என்னதான் ஆகிறது? இதைப் பொறுமையாக அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவில், சியாட்டிலில் உள்ள அரசு மீன்வள அறிவியல் மையத்துக்காரர்கள். அவர்களுடைய கவலை சால்மன். சால்மன் ஆற்றில் பிறந்து, வளர்ந்து, கடலுக்குப் போய், முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற மீன். அந்த ஆறுகளுக்கு மேலே பழத்தோட்டங்களும் வயல்களும் இருக்கின்றன. 2005-ல் வந்த அவர்களின் ஓர் ஆய்வில், இளம் கோஹோ வகைச் சால்மன்களை நான்கு நாட்கள் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த நீரில் விட்டார்கள். அதிகபட்ச அளவே லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம்தான். அதன்பின் பார்த்தால் அவை நீந்துவது குறைந்திருந்தது, இரையைப் பார்த்துப் பாய்வதும் குறைந்திருந்தது. மூளையில் ஒரு நொதி எந்த அளவுக்கு முடங்கியிருந்ததோ அந்த அளவுக்கு நடத்தையும் குறைந்திருந்தது.

அந்த நொதியின் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சேதி அனுப்ப அசிட்டைல்கோலினைச் சுரக்கும். சேதி போய்ச் சேர்ந்ததும் இந்த நொதி அதை உடைத்துவிட வேண்டும், அப்போதுதான் நரம்பு ஓயும். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் நொதியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கார்போஃப்யூரான் குருணை போன்ற கார்பமேட் வகையும் அதே வேலையைச் செய்யும், ஆனால் சீக்கிரம் விட்டுவிடும். பாஸ்பரஸ் வகை பிடித்த நொதி பழைய நிலைக்கு வர மீனுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். பூச்சியைக் கொல்வதும் இதே வழியில்தான். பூச்சிக்கும் மீனுக்கும் நமக்கும் இந்த நொதி பொது.

மைக்ரோகிராம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நம் தெருக்கணக்கில் சொல்கிறேன். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் பத்து லட்சம் லிட்டரில் ஒரு கிராம். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எண்பத்து மூன்றை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். இருபது சதவீதக் குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டர் பாட்டிலில் சுமார் 200 கிராம் மருந்து இருக்கிறது. பெரும்பகுதி மண்ணிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் சிதையும், உண்மைதான். நூறில் ஒரு பங்கு மட்டும் வாய்க்காலுக்குப் போனது என்று வைத்துக்கொண்டாலும், இருபது லட்சம் லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுவர அது போதும். இது ஒரு பாட்டில் கணக்கு.

தின்பது கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிற ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "முதல் மாசம் குட்டிக்குத் தீனி சரியா போகணும்க்கா. அப்ப விட்டா அப்புறம் எவ்ளோ கொட்டினாலும் ஏறாது. ஒரே ஈடு குட்டிதான், முந்தித் தின்னது ரெண்டு மடங்கு நிக்கும், மத்தது அப்படியே நிக்கும்" என்றார். பிற்பாடு தீனி நிறையக் கிடைத்தால் ஈடுகட்டிவிடும் மீன்களும் உண்டு என்று மீன் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொட்டியில் அதற்கு நேரம் இருக்கிறது. கழியில் அதற்குள் குஞ்சுகளைத் தின்னும் கொடுவா வந்துவிடும்.

சியாட்டில்காரர்கள் 2009-ல் செய்தது இதைவிட முக்கியமான வேலை என்று நினைக்கிறேன். நொதி இவ்வளவு முடங்கினால் இரை இவ்வளவு குறையும், இரை இவ்வளவு குறைந்தால் வளர்ச்சி இவ்வளவு குறையும், வளர்ச்சி குறைந்தால் கடலுக்குள் போகும்போது உடல் இவ்வளவுதான் இருக்கும், சின்ன உடலோடு கடலுக்குப் போனது திரும்பி வருவது இவ்வளவு குறையும் என்று ஒவ்வொன்றாகக் கோத்து, சினூக் சால்மன் கூட்டம் ஒன்றுக்கு பல ஆண்டுகளுக்கான கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். வருடத்தில் நான்கே நாள் மருந்து பட்டாலும் குஞ்சின் வளர்ச்சியும், கடலுக்குள் போகும்போதுள்ள உடல் அளவும் குறையலாம், அது வருடா வருடம் தொடர்ந்தால் மொத்தக் கூட்டத்தின் பெருக்கமே தளர்ந்துபோகும் என்று வந்தது. அந்த நான்கு நாளில் ஒரு மீன்கூடச் செத்து மிதந்திருக்காது.

இன்னும் இரண்டு விஷயம் அதே மையத்திலிருந்து. 2000-ல் டயசினான் மருந்தை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று. மீனின் தோல் கிழிந்தால் ஒரு வாசனை நீரில் கலக்கும், மற்ற குஞ்சுகள் அதை முகர்ந்ததும் அசையாமல் நின்றுவிடும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் டயசினானில் இருந்துவந்த இளம் சினூக்குகளுக்கு அந்தச் சுதாரிப்பு மங்கிப்போயிருந்தது. இன்னொன்று, 2009-ல் வந்த கலவை ஆய்வு. தனித்தனியாக விட்டால் கொல்லாத அளவில் சில மருந்துகளைச் சேர்த்து விட்டபோது குஞ்சுகள் செத்தன. மாலத்தியானும் டயசினானும் சேர்ந்தபோது, மாலத்தியானும் குளோர்பைரிபாஸும் சேர்ந்தபோது, கூட்டல் கணக்கைத் தாண்டி நச்சு ஏறியது. நம் பக்கம் ஒரே டேங்கில் இரண்டு மூன்று மருந்து கலந்து அடிப்பது சாதாரணம். கடையிலேயே ஜோடியாகக் கலந்த பாட்டில் கிடைக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதெல்லாம் நேரடியாக மீனின் உடம்பில் நடப்பது. தீனியின் வழியாக நடப்பது வேறு. அதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான உதாரணம் ஜப்பானில் ஷிமானே மாகாணத்து ஷிஞ்சி ஏரி. உவர்நீர் ஏரி, சுற்றிலும் நெல் வயல். கேட்டதும் எனக்குப் பழவேற்காடுதான் கண்ணில் வந்தது. அங்கே 1993-ல் இமிடாக்ளோபிரிட் வகை மருந்து வயல்களுக்கு வந்தது. அந்த வகை மருந்து மீனை நேரடியாகக் கொல்வது குறைவு, அதனால் பாதுகாப்பானது என்று பெயர். ஆனால் நீரில் வாழும் பூச்சிகளுக்கும் நீரில் மிதந்து திரியும் பொடி உயிர்களான மிதவை உயிர்களுக்கும் ஆகாது. வசந்த காலத்தில் ஏரியில் இருக்கும் மிதவை விலங்குகளின் நிறை 83 சதவீதம் விழுந்தது. அதைத் தின்று வாழும் வாகாசாகி என்ற சிறு மீனின் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னுக்கு இறங்கியது. விலாங்கும் குறைந்தது. மிதவை விலங்குகளை நம்பியிராத மீனுக்கு அந்த அடி விழவில்லை. 2019-ல்தான் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள், அதாவது கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அந்த மீனவர்கள் அத்தனை வருடமும் என்ன நினைத்துக்கொண்டு வலை இழுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம் கழியில் இறால் இருக்கிறது. இறால் பூச்சிக்கு உறவு, இரண்டும் கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த மருந்துக்கு இறால் குஞ்சு மீனைவிடச் சீக்கிரம் மடங்கும். சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை நமக்கும் பறவைக்கும் அவ்வளவு கெடுதல் இல்லை என்பதால் வீட்டுக் கொசு மருந்துவரை வந்துவிட்டது. மீனின் உடம்பு அதைச் சட்டென உடைத்து வெளியேற்றத் தெரியாதது, செவுள் வழியாக உள்ளே போவதும் வேகம். கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிற இருளர் பெண்களுக்காக இதில் எந்தச் சங்கமும் பேசி நான் பார்த்ததில்லை.

மீன்கார அக்கா சொல்வது இது: "இன்னாம்மா, மடவை பெருசு கேக்குற. இப்ப வர்றதெல்லாம் விரல் மொத்தம்தான். பெருசு எங்க நிக்குது?" அவர் சொல்வதை அப்படியே மருந்தின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். சாம்பல் இருக்கிறது, அனல்மின் நிலையங்களின் சுடுநீர் இருக்கிறது, முகத்துவாரம் தூர்ந்திருக்கிறது, எண்ணெய் வந்தது, சின்னக் கண்ணி வலையும் இருக்கிறது. ஆனால் இத்தனைக்கும் நடுவில் வளரத் திணறுகிற ஒரு குஞ்சுக்கு, வயலிலிருந்து வருகிற கொஞ்சமும் கொஞ்சம் இல்லை. ஆலைகளைப் பற்றிப் பேசும்போது மருந்தைச் சொன்னால், கவனத்தைத் திசைதிருப்புகிறாய் என்று நண்பர்களே கோபிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆலையின் குழாய்க்கு ஒரு வாய் இருக்கிறது, அங்கே போய் நிற்கலாம். வயலின் தண்ணீருக்கு ஆயிரம் வாய். அதனாலேயே அதை விட்டுவிடுகிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் பேசினேன். கேட்டவுடன் அவர் சிரித்தார். "மீன் எங்கம்மா சாவுது? நம்ம கால்வாயில வருஷா வருஷம் விரால் வந்துக்கினுதான இருக்குது."

விரால் வாய் திறந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன், சேற்றிலும் கிடக்கும், கடைசிவரை நிற்கும் மீன் அதுதான் என்றேன். அயிரை எங்கே, சின்னக் கெண்டை எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "குருத்துப்பூச்சி வுழுந்தா கதிர் வெள்ளையா நிக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. அந்த நேரத்துல மீனைப் பாத்தா என் வூட்ட யார்மா பாப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் இல்லாமல் மருந்தை நிறுத்து என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் கடனுக்கு மருந்து வாங்குகிறார், எதை அடிப்பது என்று கடைக்காரர் சொல்கிறார். பாட்டிலில் இருக்கிற முக்கோணத்தைக் காட்டி, "இது நீலம்தான், சிவப்பு இல்லையே" என்றார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நிறங்கள் எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு நச்சு என்று பார்த்துக் குறித்தவை. அடிக்கிறவருடைய உயிருக்காக வைத்த அடையாளம் அது, அந்த மட்டில் நல்லது. மீனுக்கு எவ்வளவு ஆகாது என்பதை அந்த நிறம் சொல்லாது. மீன்குளத்துப் பக்கம் அடிக்காதே என்ற எச்சரிக்கை, பல மருந்துகளில், உள்ளே மடித்துவைத்த தாளில் பொடி எழுத்தில் கிடக்கும். எழுபது வயதுக் கண்ணுக்கு அது எட்டாது.

அவருக்கு நான் சொல்ல முடிந்தது, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியின் கதை. புகையானுக்கு என்று பயந்து அடிக்கிற பைரெத்ராய்டு, புகையானைத் தின்னும் சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் முதலில் கொன்றுவிட்டு, புகையானையே பெருக்கிவிடும். இந்தோனேசியாவில் இது நாட்டையே உலுக்கியது. 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்து, விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்து எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று கற்றுக்கொடுத்தது. விளைச்சல் சரிந்துவிடவில்லை. விளக்குப்பொறி, பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகள் வெளிவருகிற டிரைக்கோகிரம்மா அட்டை, வேப்பங்கொட்டைச் சாறு, எட்டடிக்கு ஒரு பட்டம், அதாவது இடைவெளி, விட்டு நடுவது எல்லாம் நம் வேளாண் துறையே சொல்லிக்கொண்டிருப்பதுதான். பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அவர் கேட்பது, அட்டை சமயத்துக்குக் கிடைக்குமா என்பது. மருந்துக்கடை தெருமுனையில் இருக்கிறது, அட்டைக்கு அலைய வேண்டியிருக்கிறது. இது அரசு சரிசெய்ய வேண்டிய இடம், அவரை அறிவுரையால் குத்துவதில் பயன் இல்லை.

அவர் உடனே பிடித்துக்கொண்டது இன்னொன்றை. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றுப் படுகையிலும் நெல் விளைகிறது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே வயல் வடிகாலில் களைக்கொல்லியால் கெண்டை இன மீன்கள் கூட்டமாகச் செத்தன. அதன்பின் மருந்து போட்ட வயலின் நீரை இத்தனை நாள் வடியவிடக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். மருந்துக்கு மருந்து நாள் கணக்கு மாறும், சிலவற்றுக்கு மூன்று நான்கு வாரம்கூட. வயலிலேயே வெயிலும் மண்ணும் மருந்தைச் சிதைத்தன, ஆற்றில் அளவு நன்றாகக் குறைந்தது. செலவு என்று பார்த்தால் மடையை அடைத்துவைப்பதுதான். "இது ஆவும்" என்றார் பெரியப்பா. உடனே அவரே மறுப்பும் சொன்னார்: ஐப்பசி மழையில் வரப்பு நிற்காது. உண்மை. அதனால் சம்பாவுக்கு மழை அறிவிப்பைப் பார்த்துத்தான் தெளிக்க வேண்டும், இரண்டு நாளில் கனமழை என்றால் டேங்கைத் தோளில் மாட்டக் கூடாது. நவரைக்கும் சொர்ணவாரிக்கும் மடை அடைப்பதே போதும். வாய்க்கால் ஓரத்து இரண்டு மூன்று வரிசையை அடிக்காமல் விடுவது, டேங்கையும் பாட்டிலையும் வாய்க்காலில் கழுவாமல் இருப்பது, இவை இன்றைக்கே முடியும். கழுவுவதை நிறுத்துகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

மற்றது அளப்பது. தண்ணீரை மட்டும் பிடித்துச் சோதிப்பதில் ஒரு குறை இருக்கிறது. மருந்து மழையோடு ஒரு வேகத்தில் வந்து ஓரிரு நாளில் கடந்துபோய்விடும், அடுத்த வாரம் பாட்டில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் மீனின் மூளையில் அந்த நொதி குறைந்தே இருக்கும். அதை அளக்கும் எல்மன் முறை 1961-ல் வந்தது. மஞ்சள் நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கிற சோதனை, சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிற கருவி போதும். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

ஐப்பசி தொடங்கி தை முடியும்வரை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பழவேற்காட்டில் ஓரிடம், எண்ணூர் கழியில் ஓரிடம், வயலே இல்லாத பக்கம் ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடம். ஒவ்வொன்றிலும் ஐம்பது மடவைக் குஞ்சு. நீளம், எடை, வயிற்றில் என்ன இருக்கிறது, மூளையில் நொதி எவ்வளவு. பக்கத்திலேயே அந்தந்த வாரம் எந்த ஊரில் எந்த மருந்து அடித்தார்கள் என்ற பட்டியல். கல்லூரியில் படிக்கிற, அல்லது கற்பிக்கிற யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். மருந்துப் பட்டியலை எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் நான் எடுத்துத் தருகிறேன், பெரியப்பா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணூரில் படகுக்கும் சின்ன வலைக்கும் மீன்கார அக்காவின் வீட்டுக்காரரிடம் கேட்டாகிவிட்டது. டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதுமாம்.